முப்பது மிளகாய்

எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிக்கு எடை கிடையாது, எண்ணிக்கைதான். இரண்டு கிலோ இறைச்சிக்கு முப்பது காய்ந்த மிளகாய், எட்டு பெரிய வெங்காயம், கை நிறைய சின்ன வெங்காயம். இது அம்மாவின் கணக்கு. பினாங்கில் நிபோங் திபால் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டில் சமைத்துப் பழகியவர். அங்கே தராசு ஏது? எண்ணத் தெரிந்தால் போதும். நானும் கல்யாணமான நாளிலிருந்து முப்பது எண்ணித்தான் கறி வைக்கிறேன். ஒரு நாளும் பிசகியதில்லை, இந்த வருஷம் தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

பால்குடம் எடுப்பதற்காக 48 நாள் விரதம். தண்ணீர்மலை முருகன் கோயிலில் நேர்த்திக்கடன் முடிந்து, இடும்பன் பூசையும் முடிந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு நல்ல ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்றான். தம்பி, தம்பி பொண்டாட்டி, பதினொன்றும் ஆறும் வயதில் இரண்டு பெண் பிள்ளைகள், கூடவே எங்கள் அத்தை. அத்தைக்கு 78 வயது. அவர் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்றால் கறி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். குறை இருந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

காலை ஆறு மணிக்கே ஜெலுத்தோங் பாசாரில் இறைச்சி வாங்கி வந்தாயிற்று. மிளகாய்தான் வீட்டில் இருக்கிறதே என்று வாங்கவில்லை. என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றிவிட்டு வந்தபோது ஒரு பை கொடுத்திருந்தார். "குண்டூர் மிளகாய், நல்லா இருக்கும்" என்றாராம். நல்லா இருக்கும் என்றால் எதில் நல்லா இருக்கும் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். பாசாரில் நான் வழக்கமாக வாங்கும் மிளகாயில் நிறம் அதிகம், உறைப்பு குறைவு. இது அப்படியே நேர்மாறு. நீளம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. முப்பது எண்ணினேன், கத்தரிக்கோலால் நறுக்கினேன், விதையை உதறினேன், வெந்நீரில் ஊறவைத்து அரைத்தேன்.

விதையை உதறியதில் எனக்கு ஒரு தைரியம் வேறு. இத்தனைக்கும் நான் வேலை செய்வது ஒரு இடைநிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில். மிளகாயின் உறைப்பு விதையில் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர் நிறத் தண்டு மாதிரி ஒன்று உள்ளே இருக்குமே, அதில்தான் உறைப்பைத் தரும் கேப்சைசின் சுரக்கிறது. விதை அதை உரசிக்கொண்டு இருப்பதால் அதற்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். மிளகாய் காய்ந்தபின் அந்தத் தண்டு தோலோடு ஒட்டிப் போய்விடும். நாம் உதறும்போது விதை விழும், உறைப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். பள்ளியில் தெரிந்தது வீட்டு அடுப்படிக்கு வருவதில்லை என்பதற்கு என்னைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எண்ணெயில் விழுதைப் போட்டு வதக்கும்போதே நெடி கிளம்பியது. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் இருமினார். அப்புறம் பையன் அறைக்குள்ளிருந்து இருமினான். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே, எட்டாவது மாடியில் யாரோ இருமினார்கள். நாங்கள் இருப்பது ஒன்பதாவது மாடி. அப்போதாவது நான் நின்றிருக்கலாம். "விரதம் இருந்து நாளாச்சு, அதான் நெடி பெருசா தெரியுது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறைச்சியைக் கொட்டிக் கிளறினேன்.

பத்தே முக்கால் மணிக்கு இறைச்சி முக்கால் வேக்காடு. கொதித்துக்கொண்டிருந்த குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தேன். முதலில் உப்பு தெரிந்தது, சரியாக இருந்தது. சோம்பு வாசம் வந்தது. நல்லா வந்திருக்கே என்று நினைத்து முடிப்பதற்குள் நாக்கின் ஓரத்தில் தொடங்கியது. தொண்டைக்குப் போய், அங்கிருந்து காதுக்குப் போனது. காது சுடுவதை அன்றுதான் அனுபவித்தேன். பக்கத்தில் இருந்த தண்ணீரை மடமடவென்று குடித்தேன். அறிவியல் கூடத்தில் வேலை பார்க்கிறவள் செய்கிற காரியமா அது? கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் கரையும். தண்ணீர் குடித்தால் அது போவதற்குப் பதில் வாய் முழுக்கப் பரவும். பரவியது.

மணி பதினொன்று ஆகப்போகிறது. ஒரு மணிக்கு விருந்தாளிகள். ஆட்டிறைச்சி விலை தெரிந்தவர்களுக்கு இரண்டு கிலோவைத் தூக்கிக் கொட்டும் யோசனை வராது.

அத்தைக்குத்தான் முதலில் போன் செய்தேன். அவமானம்தான், ஆனாலும் செய்தேன். "உருளைக்கிழங்கு நாலு வெட்டிப் போடு, எல்லாத்தையும் இழுத்துடும்" என்றார். போட்டேன். தம்பி பொண்டாட்டி வாட்ஸ்அப்பில் சர்க்கரை போடச் சொன்னாள். அதையும் போட்டேன், இரண்டு கரண்டி, குலா மலாக்கா. இதற்கிடையில் என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் வந்து, யாரும் கேட்காமலேயே நான்கு கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுப் போனார். அவருக்கு அது எங்கோ படித்த ஞாபகமாம்.

இருபது நிமிஷம் கழித்து நிலவரம் இதுதான். உருளைக்கிழங்கு உறைப்பை இழுக்கவில்லை. அது இழுத்தது கொஞ்சம் தண்ணீரையும் உப்பையும். கிழங்குக்கு உறைப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சும் அறிவு கிடையாது. மாவு கரைந்து குழம்பு கெட்டியானதுதான் மிச்சம். கிழங்கைக் கடித்தால் உள்ளே சாதுவாக, வெளியே நெருப்பாக இருந்தது. இதில் ஒரு நியாயம் உண்டு: கறியோடு சேர்த்துக் கிழங்கையும் சாப்பிட்டால் ஒரு வாய்க்கு வரும் குழம்பு குறையும், அந்த அளவுக்கு லாபம். எடுத்துப் போட்டுவிட்டால் அதுவும் இல்லை. சர்க்கரை கொஞ்சம் வேலை செய்தது. நாக்கில் இனிப்பு இருக்கும்போது உறைப்பு ஒரு படி பின்வாங்குகிறது, அது உண்மை. ஆனால் என் ஆட்டுக்கறி, குச்சியில் சுட்ட இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் இனிப்புக் கடலைக் குழம்பு, சாத்தே குவா மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது கரண்டி போட்டிருந்தால் கச்சாங் (வேர்க்கடலை) மட்டும்தான் பாக்கி. எலுமிச்சையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்கெனவே வெந்து போன நாக்கில் புளிப்பு பட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

இன்னொரு சிக்கல், நாலு தடவை ருசி பார்த்த பிறகு எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாக்கு மரத்துவிட்டது. "இப்ப பரவாயில்லை போலிருக்கே" என்று தோன்றிய நேரத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. பையனைக் கூப்பிட்டு ஒரு கரண்டி கொடுத்தேன். நான்காம் படிவம் படிக்கிறான், சிலி பாடி என்கிற ஊசிமிளகாயைக் கடித்துக்கொண்டு மாகி மீ சாப்பிடுகிறவன். அவன் எதுவும் சொல்லவில்லை. நேராகக் குளிர்பெட்டியைத் திறந்தான், பால் பெட்டியை எடுத்தான், வாய் வைத்தே குடித்தான். வேறு நாளாக இருந்தால் திட்டியிருப்பேன்.

"பால் சரியா குடிச்ச" என்றேன். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து நாக்கிலிருந்து இழுத்துப் போகிறது என்று சொன்னேன். உறைப்பு என்பது ருசியே இல்லை, சூட்டை உணரும் நரம்பைத்தான் அது ஏமாற்றுகிறது என்றும், 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கிற அதே வாசலைக் கேப்சைசினும் திறக்கிறது என்றும், அந்த டிஆர்பிவி-1 வாசலை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் கண்டுபிடித்ததற்கு 2021-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்றும் சொன்னேன். வீட்டில் நெருப்பு எரியும்போது பாடம் எடுப்பது என் பழக்கம்.

"நம்ம வீட்டுக்கு வந்திருந்தா இன்னும் சீக்கிரம் கண்டுபிடிச்சிருப்பாரு" என்றான் பையன். பாலைக் கீழே வைக்கவில்லை.

சொன்னபிறகுதான் எனக்கே ஒன்று உறைத்தது. சூடும் உறைப்பும் ஒரே வாசல் என்றால், கொதிக்கக் கொதிக்க ருசி பார்த்தது தப்பு. இரண்டும் சேர்ந்துதான் காட்டும். ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஆறவைத்து இரண்டு பேரும் மறுபடி பார்த்தோம். கொஞ்சம் குறைந்திருந்தது. ஆறு வயதுக் குழந்தை சாப்பிடும் அளவுக்கு இல்லை.

சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சட்டியில் குழம்பு மட்டும் ஒன்றரை லிட்டர் இருக்கும். அலமாரியில் 200 மில்லி சந்தான் (தேங்காய்ப்பால்) பெட்டி இருந்தது. முழுசாக ஊற்றினாலும் ஒன்றரை லிட்டர் ஒன்று புள்ளி ஏழு ஆகும், உறைப்பு நூற்றுக்குப் பன்னிரண்டுதான் குறையும். சந்தானில் இருக்கும் கொழுப்பு நாக்கைக் கொஞ்சம் ஏமாற்றும், அதைச் சேர்த்தாலும் போதாது. பாதியாகக் குறைக்க வேண்டும் என்றால் இன்னொரு ஒன்றரை லிட்டர், மிளகாயே இல்லாத குழம்பு வேண்டும். "கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊத்தினா சரியாயிடும்" என்று எல்லோரும் சொல்வது ஒரு மிளகாய் கூடிப்போன கறிக்குப் பொருந்தும். என்னுடையது ஒரு சட்டி கூடிப்போன கறி.

அப்போதுதான் நாலாவது மாடி பாய் ஞாபகம் வந்தார்.

பாய் ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் சமையல்காரராக இருந்தவர். ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். மின்தூக்கியில் பார்த்தால் "என்னம்மா, சமையல் ஆச்சா?" என்று மட்டும் கேட்பார். வெட்கத்தைப் பார்த்தால் முடியாது என்று இறங்கிப் போனேன். கைலி, வெள்ளைப் பனியனோடு மேலே வந்தார். சட்டியைத் திறந்து பார்த்தார், குனிந்து மோந்தார். ருசி பார்க்கவில்லை. "பாக்கவே வேணாம்" என்றார்.

"முதல்ல அடுப்ப அணைங்க தங்கச்சி. கிளறாதீங்க. பத்து நிமிசம் விடுங்க."

பத்து நிமிஷம் இரண்டு பேரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொதி அடங்கியதும் மேலே எண்ணெய் மிதந்து வந்து சேர்ந்தது. வதக்க ஊற்றிய எண்ணெய், ஆட்டுக் கொழுப்பு இரண்டும் சேர்ந்து, கருஞ்சிவப்பில், கண்ணாடி மாதிரி. பாய் சட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து அடியில் ஒரு துணியை மடித்து வைத்தார். எண்ணெய் தாழ்ந்த பக்கம் ஓடிச் சேர்ந்தது. குழிக்கரண்டியின் விளிம்பை எண்ணெயின் மேல்மட்டத்துக்கு ஒரு நூல் கீழே அழுத்தினார். எண்ணெய் மட்டும் வழிந்து கரண்டிக்குள் இறங்கியது, குழம்பு ஒரு சொட்டு வரவில்லை. அப்படியே ஊறுகாய் போத்தலில் ஊற்றினார். மறுபடி அழுத்தினார். எட்டு ஒன்பது கரண்டி எடுத்திருப்பார். முக்கால் கப் எண்ணெய்.

நான் வெட்கப்பட்ட இடம் இதுதான். பள்ளியில், எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியாகப் பிரிக்கும் பிரிபுனலைக் கழுவி அடுக்குவது என் வேலை. கேப்சைசின் எண்ணெயில்தான் கரையும் என்று கால் மணி நேரத்துக்கு முன்னால் பையனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்படியென்றால் சட்டியில் உறைப்பின் பெரும்பங்கு எங்கே மிதந்துகொண்டிருக்கும்? அதை எடுத்தால் போதும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்துக்கே போகாத பாய்க்குத் தெரிந்திருந்தது. மற்றதெல்லாம் உறைப்பை மறைக்கிற வேலை, அல்லது பரப்புகிற வேலை. எண்ணெயை எடுப்பது ஒன்றுதான் உண்மையாகவே சட்டியை விட்டு உறைப்பை வெளியேற்றுகிறது.

"எறிஞ்சிடாதீங்க. இக்கான் பிலிஸ் (நெத்திலி) பொரிக்க இதவிட நல்ல எண்ணெ கெடைக்காது" என்றார்.

குழம்பை மறுபடி பார்த்தோம். தாங்கலாம் என்ற அளவுக்கு வந்திருந்தது, பெரியவர்களுக்கு. சின்னவர்களுக்கு என்ன செய்வது, தயிர் ஊற்றட்டுமா, சந்தான் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் சட்டியிலயே ஏன் சரி பண்ணப் பாக்குறீங்க?" என்றார். "இந்த ஆட்டுக்கறி இப்படியே இருக்கட்டும். குருமா வைக்கத் தெரியுமில்ல? வெள்ளைக் குருமா தனியா வைங்க. தட்டுல ஊத்திக்கட்டும். கடையில நாங்க என்ன செய்றோம்?"

பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி. தோளில் காவடித் தடி மாதிரி ஒரு கம்பைப் போட்டு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கறி என்று தமிழ் முஸ்லிம்கள் சுமந்து விற்றதுதான் நாசி கண்டார். அந்தச் சுமைக்குத்தான் கண்டார் என்று பேர். இன்றைக்குக் கடையில் போய் நின்றால் சோற்றின் மேல் ஒரே குழம்பை ஊற்ற மாட்டார்கள். மீன் குவா கொஞ்சம், கோழி குவா கொஞ்சம், குருமா குவா கொஞ்சம், எல்லாம் கலந்து ஓடும். குவா சம்பூர் என்போம். வெள்ளமாக வேண்டும் என்றால் குவா பஞ்ஜிர். இருபது வருஷமாக அதைச் சாப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு சட்டியும் ஏன் வேறு வேறு உறைப்பில் இருக்கிறது என்று யோசித்ததில்லை. "உறைப்பு தாங்காத ஆளு வந்தா மூஞ்சியப் பாத்தே தெரியும். குருமா ரெண்டு கரண்டி, மத்தது அரைக் கரண்டி. அவ்வளவுதான்" என்றார் பாய்.

பன்னிரண்டு மணிக்குக் குருமா தொடங்கினேன். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ தாளித்து, வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, இஞ்சி பூண்டு. சோம்பும் சீரகமும் அரைத்தது. முந்திரி வீட்டில் இல்லை, தம்பி பொண்டாட்டி தைப்பூசத்துக்கு வாங்கி மீந்த பாதாம் இருந்தது, ஊறவைத்துத் தோலுரித்து அரைத்தேன். கசகசா போட்டால் இன்னும் கெட்டியாக வரும், போட்டேன். (தம்பி பொண்டாட்டிக்கு இது ஒரு மனக்குறை. சிங்கப்பூரில் கசகசா தடை, இங்கிருந்து வாங்கிக்கொண்டும் போக முடியாது.) கேரட், அப்புறம் கறியிலிருந்து நான் தோண்டி எடுத்த அந்த நாலு உருளைக்கிழங்கு. தயிரை நன்றாக அடித்து, தீயைக் குறைத்து, முதலில் ஒரு கரண்டி சூடான குருமாவைத் தயிரில் கலந்துவிட்டு அப்புறம் சட்டியில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் திரிந்துவிடும். சந்தான் கடைசியில். ஊற்றிய பிறகு கொதிக்க விடுவதில்லை. காரத்துக்கு வெள்ளை மிளகு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான்.

மிளகாய் நம் ஊருக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு முன் எல்லாம் மிளகுதான். மிளகு மாதிரி உறைக்கும் காய் என்றுதானே மிளகாய் என்று பேர் வைத்தோம். வந்தவள் வீட்டுக்காரியை வெளியே அனுப்பிவிட்டாள் என்று குருமா கிண்டிக்கொண்டே நினைத்தேன்.

இறைச்சி விஷயத்தில் ஒரு சின்ன வேலை செய்தேன். குழந்தைகளுக்கென்று எலும்பில்லாத துண்டுகள் பதினைந்து இருபது பொறுக்கி எடுத்தேன். தண்ணீரில் கழுவினால் மேலே இருக்கும் எண்ணெய் போகாது. கொஞ்சம் சந்தானை வெந்நீரில் கலந்து, அதில் ஒவ்வொரு துண்டாக முக்கி எடுத்தேன். வெள்ளையாக இருந்த சந்தான் ஐந்தாவது துண்டிலேயே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. பார்க்க ஒரு திருப்தி. அந்தத் துண்டுகள் குருமாவுக்குள் போயின. ஆரஞ்சு சந்தானைக் கொட்டவில்லை, குளிர்பெட்டியில் வைத்தேன்.

ஒரு மணி என்றால் எங்கள் வீட்டு விருந்தாளிகளுக்கு ஒன்றே முக்கால். நல்லதாகப் போயிற்று.

அத்தை உட்கார்ந்ததும் சிவப்புக் கறியைத்தான் கேட்டார். "உறைக்கும் அத்தை, குருமா ஊத்திக்குங்க" என்றேன். "தோட்டத்துல வெறும் மிளகாயக் கிள்ளிப் போட்டு கஞ்சி குடிச்சவடி நான்" என்றார். சாப்பிட்டார். இரண்டாவது வாயில் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. மூன்றாவது வாயில் சேலைத் தலைப்பு மூக்குக்குப் போனது. காற்றாடியை ஒரு படி கூட்டச் சொன்னார், இன்னிக்கு வெயில் அதிகமாம். குருமாவைத் தொடவே இல்லை. உருளைக்கிழங்கு எங்கே என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். குருமாவில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

பெரிய பெண்ணுக்குப் பதினொரு வயது, சின்னக் குழந்தை இல்லை என்று காட்டவேண்டிய வயது. நாங்கள் பார்க்காத நேரத்தில் சிவப்புச் சட்டியிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். கண்ணில் தண்ணீர். தம்பி அவசரமாகக் கோலாவை நீட்டினான், அதைக் குடித்துவிட்டு இன்னும் துள்ளினாள். நல்ல வேளையாகப் பையன் பாலோடு ஓடிவந்தான். அன்று காலையில் அனுபவப்பட்டவன் ஆயிற்றே. "முழுங்காத, வாய்ல வெச்சுக்க" என்று டாக்டர் மாதிரி சொன்னான். இரண்டு நிமிஷத்தில் அழுகை நின்றது. அப்புறம் வெறும் சோறு நாலு வாய். இப்படியா கறி வைப்பது என்ற பார்வை மட்டும் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

சின்னவள்தான் என்னை ஆச்சரியப்படுத்தினாள். தட்டில் வெள்ளைக் குருமா, நடுவில் சோறு. பாய் சொன்னதை நான் அவளிடம் சொன்னேன்: சிவப்பு வேணும்னா ஒரு சொட்டு கேளு. கரண்டி நுனியில் ஒரு சொட்டு விட்டேன். வெள்ளையில் சிவப்பு விழுந்து மெதுவாக விரிந்தது. அதை அவள் விரலால் கலக்கி, நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். "அத்தை, இன்னொரு சொட்டு." அடுத்த முறை இரண்டு. மூன்றாவது தடவை சோறு போட்டபோது அவள் தட்டு நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, வேண்டாம் என்று சொல்லவே இல்லை. காரமே சாப்பிட மாட்டாள் என்று போனில் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

சாயங்காலம் பாய்க்கு இரண்டு கிண்ணம் அனுப்பினேன், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. கிண்ணங்களைக் கழுவித் திருப்பி அனுப்பும்போது ஒன்றில் வாழைப்பழம் வைத்திருந்தார். கறியைப் பற்றி எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அத்தை கணக்குப்படி பார்த்தால் அது நல்ல சேதிதான்.

மறுநாள் மிச்சக் குழம்பு, எலும்புத் துண்டுகள், குளிர்பெட்டியில் வைத்த ஆரஞ்சு சந்தான் மூன்றையும் போட்டு டால்ச்சா வைத்தேன். பருப்பு இரண்டு கப், கத்தரிக்காய், முருங்கைக்காய், புளி. மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை, சரியாக இருந்தது. உறைப்பு கூடிய குழம்பைக் கையில் வைத்திருப்பவர்களுக்குப் பருப்பைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது.

போத்தலில் இருந்த எண்ணெய் மூன்று வாரம் வந்தது. இக்கான் பிலிஸ், முட்டைப் பொரியல், ஒரு நாள் மீ கோரெங். ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

மிளகாய் நறுக்கிய கையோடு அன்று மத்தியானம் கண்ணைக் கசக்கியதைச் சொல்ல மறந்துவிட்டேன். சோப்பு போட்டுக் கழுவியும் விரல் எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவி, அப்புறம் சோப்பு போட்டேன், போயிற்று. எண்ணெயில் கரையும் என்பது அப்போதாவது ஞாபகம் வந்ததே.

தாழ்வாரத்தில் நான் ஒரு தொட்டியில் சிலி பாடி வளர்க்கிறேன். ஒரு மைனா தினமும் வந்து பழுத்ததாகப் பார்த்துக் கொத்தி விழுங்கிவிட்டுப் போகும். பறவைகளுக்குக் கேப்சைசின் உறைக்காது, அவற்றின் வாசலுக்கு அந்தச் சாவி பொருந்தாது. இந்த வாரம் அத்தை வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கூட உன் கறி குடுக்கலாம்" என்றார். ஒரு மாதம் கழித்து வந்த விமர்சனம்.

குண்டூர் மிளகாய் இன்னும் அரைப் பை இருக்கிறது. தூக்கி எறிய மனமில்லை, வாசம் அப்படி. பையின் மேல் கறுப்பு மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "2 கிலோ = 10". கீழே பையன் பென்சிலில் எழுதியிருக்கிறான்: "8".